ஜாக் பிளேட் போடலாமா? முதலில் பின்பலகையைத் தட்டிப் பாருங்கள்

தேவிபட்டினத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கொச்சியில் கைமாறி வந்த 18 அடி ஃபைபர் படகு ஒன்றை வாங்கியிருக்கிறார். அமெரிக்கக்காரர்கள் பாஸ் படகு என்கிறார்களே, அந்தச் சாயல்: தாழ்ந்த பக்கம், நின்று தூண்டில் வீச அகலமான முன்தளம். பின்னால் 90 எச்.பி. நாலு ஸ்ட்ரோக் எஞ்சின், 20 அங்குல ஷாஃப்ட். வெளியூரிலிருந்து வரும் தூண்டில் பிரியர்களைக் கூட்டிப்போய்ப் பாறை மீனும் கொடுவா மீனும் பிடிக்கவைப்பது திட்டம். வந்த இரண்டே மாதத்தில் புரொப்பெல்லர் இரண்டு முறை தரை தட்டி நெளிந்துவிட்டது. யூடியூபில் பார்த்தால், ஒரு பொத்தானை அழுத்தியதும் எஞ்சின் அப்படியே நேராக மேலே ஏறுகிறது. உள்ளூரில் ஒருவர், "ஹைட்ராலிக் ஜாக் பிளேட், கூலியெல்லாம் சேர்த்து ஒன்றே முக்கால் லட்சம்" என்றாராம். போடலாமா?

என் பதில்: இப்போதைக்கு வேண்டாம் தம்பி. அது மோசமான சாமான் என்பதால் சொல்லவில்லை. நல்ல சாமான்தான், ஆனால் உங்கள் தொல்லைக்கு அது மருந்து இல்லை.

முதலில் அது என்ன செய்கிறது என்று பார்ப்போம். உங்கள் எஞ்சினில் ஏற்கெனவே டில்ட் பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் எஞ்சின் சாய்ந்து மேலே வரும். படகுக்கும் எஞ்சினுக்கும் நடுவே மாட்டும் ஜாக் பிளேட் சாய்க்காது, நேராகத் தூக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் புரிய பாம்பனுக்குப் போனால் போதும். 1914-இல் கட்டிய பழைய ரயில் பாலத்தின் நடுப்பகுதி இரண்டு கையாகப் பிரிந்து சாய்ந்து மேலே திறந்துகொண்டிருந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டு முழுசாக, சாயாமல், 17 மீட்டர் உயரத்துக்கு நேர்குத்தாக ஏறுகிறது. டில்ட் பழைய பாலம், ஜாக் பிளேட் புதுப் பாலம். அவ்வளவுதான்.

நேராகத் தூக்குவதில் லாபம் இருக்கிறது. ஆழம் குறைந்த இடத்தில் டில்ட் செய்து ஓட்டினால் புரொப்பெல்லர் தண்ணீரைப் பின்னால் தள்ளாமல் மேல்நோக்கித் தள்ளும். அணியம், அதாவது படகின் முன்முனை, வானத்தைப் பார்க்கும், பின்பக்கம் இன்னும் அமுங்கும். எதிலிருந்து தப்பிக்க எஞ்சினைத் தூக்கினீர்களோ, அந்தத் தரையையே படகின் அடி போய்த் தொடும். ஜாக் பிளேட்டில் தூக்கினால் தள்ளுவிசை கிடைமட்டமாகவே இருக்கும். படகில் ஆள் கூடினால் கொஞ்சம் இறக்கலாம், குறைந்தால் ஏற்றலாம், எல்லாம் ஓடும்போதே.

சரி, அமெரிக்காவில் எதற்குப் போடுகிறார்கள்? பாஸ் அங்கே ஏரியிலும் அணைக்கட்டிலும் வாழும் நன்னீர் மீன். அதைப் பிடிக்கும் போட்டிகளுக்கென்று வளர்ந்த படகுதான் பாஸ் படகு. 18 முதல் 21 அடி நீளம், பின்னால் 150, 200, 250 எச்.பி. மணிக்கு 110 கிலோமீட்டரெல்லாம் ஓடும். அந்த வேகத்தில் படகின் அடியில் ஒரு சிறு பட்டைதான் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கும். அப்போது பெரிய இழுவை எது? தண்ணீருக்குள் கத்தி மாதிரி நிற்கும் எஞ்சினின் கீழ்ப்பகுதி. அதை இரண்டு அங்குலம் தூக்கினால் வேகம் கண்ணுக்குத் தெரிந்து கூடும். அதற்காகத்தான் டி.எச். மரைனின் அட்லஸ் போன்ற பிளேட்டுகளை அங்கே ஆயிரம் டாலரைச் சுற்றிக் கொடுத்து வாங்குகிறார்கள்.

நீங்கள் நம் வடகடலில் (பாக் விரிகுடாவில்), காலை அலையில், இரண்டு விருந்தாளிகளோடு ஓட்டப்போவது 20 நாட் வேகம், மணிக்குச் சுமார் 37 கிலோமீட்டர். அவர்கள் ஓட்டுவது 60 நாட். இழுவை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். அவர்களுக்கு இருக்கும் இழுவையில் ஒன்பதில் ஒரு பங்குதான் உங்களுக்கு. மிச்சம் பிடிக்க அதில் என்ன இருக்கிறது? வேகக் கணக்கை இங்கேயே கடாசிவிடலாம்.

மிச்சமிருப்பது ஆழக் கணக்கு. உங்கள் கேள்வியும் அதுதான். பாக் விரிகுடா முழுக்கவே ஆழமில்லாத கடல். நவபாஷாணக் கற்கள் நிற்கிற தேவிபட்டினக் கரையில் எவ்வளவு தூரம் இடுப்பளவுத் தண்ணீரில் நடக்கலாம் என்று உங்களுக்கே தெரியும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டர்கூட இல்லை, ஆனால் இவ்வளவு தட்டையான கரையில் ஓர் அடி வற்றினாலே படகு தரையில் உட்கார்ந்துவிடும். காற்று திரும்பிக் கடல் உள்வாங்கும் நாளில் ராமேசுவரம், பாம்பன் பக்கம் படகுகள் வரிசையாகச் சாய்ந்து கிடக்கும் படம் பத்திரிகையில் வருகிறதே, அதே கதைதான். அடியில் மணல் மட்டுமில்லை, சேறும் கடல்தாழை என்கிற கடல்புல்லும் கூட.

இங்கேதான் வீடியோக்கள் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விடுகின்றன. ஆழமில்லாத இடத்தில் ஓடுவது வேறு, ஆழமில்லாத இடத்தில் கிளம்புவது வேறு. படகு எழும்பி, தண்ணீரின் மேலே வழுக்கி ஓடும்போது பின்பக்கம் உயர்ந்துவிடும். அந்த நிலையில் எஞ்சினையும் தூக்கினால் முட்டளவுக்கும் குறைந்த தண்ணீரில் கடந்துவிடலாம், உண்மை. ஆனால் நின்றுவிட்டால்? மறுபடி எழும்புவதற்குப் புரொப்பெல்லர் நல்ல தண்ணீரைக் கவ்வ வேண்டும். எஞ்சினை முறுக்கும்போது பின்பக்கம் முதலில் அமுங்கித்தான் பிறகு எழும். எஞ்சினைத் தூக்கிவைத்தால் புரொப்பெல்லர் காற்றைக் குடித்துக் கத்தும், படகு நகராது. இறக்கினால் சேற்றில் குத்தும். விருந்தாளி, "அண்ணே, இங்க நிறுத்துங்க, மீன் துள்ளுது" என்று ஒரு மேட்டின்மேல் காட்டுவார். நிறுத்துவீர்கள். அப்புறம் மூன்று பேரும் இறங்கித் தள்ள வேண்டியதுதான்.

நிற்கும்போது படகு எவ்வளவு அமுங்குகிறது என்பதை ஜாக் பிளேட் குறைக்காது என்பதோடு போகவில்லை, அதைக் கூட்டவும் செய்யும். உங்கள் 90 எச்.பி. எஞ்சின் 160 கிலோவை ஒட்டி இருக்கும். பிளேட், பம்ப், போல்ட் எல்லாம் சேர்த்து இன்னொரு 25, 30 கிலோ. அதோடு பிளேட் எஞ்சினை, அது தொங்கும் பின்பலகையிலிருந்து ஐந்தாறு அங்குலம் வெளியே தள்ளித்தான் மாட்டும். துலாக்கோல் கணக்குப்படி பார்த்தால், பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனை நிரந்தரமாகப் பின்பலகையில் ஏற்றி உட்காரவைத்தது போல. ஏரியில் ஓடும் 20 அடி பாஸ் படகுக்கு அது பெரிதில்லை. உங்களுடையது தாழ்ந்த பக்கமுள்ள 18 அடி. கார்த்திகை வாடையில் பின்னாலிருந்து அலை வந்து ஏறும்போது அந்தப் பையனின் கனம் தெரியும்.

இப்போது பின்பலகை. என் பட்டறையில் எந்த எஞ்சின் வேலை வந்தாலும் முதலில் கை போவது அங்கேதான். ஃபைபர் படகின் பின்பலகை முழுக்க ஃபைபர் இல்லை. பெரும்பாலானவற்றில் உள்ளே பிளைவுட் வைத்து வெளியே ஃபைபர் சுற்றியிருக்கும். பழைய போல்ட் துளையில் பசை விட்டுப்போயிருந்தால் தண்ணீர் உள்ளே இறங்கி மரம் ஊறும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். ஸ்பானரின் பிடியால் மேலிருந்து கீழாக, ஓர் அங்குலம் விட்டு ஓர் அங்குலம் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடத்தில் 'டொக், டொக்' என்று கெட்டியாகத் திருப்பிக் கொடுக்கும். ஊறிய இடத்தில் 'பொத்' என்று விழுங்கிக்கொள்ளும். சந்தேகமிருந்தால் எஞ்சினை அரைவாசி டில்ட் செய்து, கீழ்ப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் அழுத்துங்கள். இன்னொரு ஆளைப் பின்பலகையின் மேல்மூலையைக் கவனிக்கச் சொல்லுங்கள். பலகை மூச்சு விடுவது போல அசைந்தால் அது போய்விட்டது.

மூன்று வருடம் முன்பு கீழக்கரைப் பக்கத்திலிருந்து இதேபோல ஒரு படகு வந்தது. படகுக்காரக் காக்கா (அந்தப் பக்கம் அண்ணனை அப்படித்தான் சொல்வார்கள்) ஆசையாக வெளிநாட்டிலிருந்து ஜாக் பிளேட்டைப் பெட்டியோடு கொண்டுவந்திருந்தார். நான் தட்டிப் பார்த்தேன், ஓரிடத்தில் சத்தம் மாறியது. "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுப்பா" என்றார். நானும் சரியென்று துளை போட ஆரம்பித்தேன். டிரில் பிட்டோடு வெளியே வந்தது மரத்தூள் இல்லை, வடிகட்டிய தேயிலைச் சக்கை மாதிரி கறுப்பாக, ஈரமாக ஏதோ. புளித்த வாடை வேறு. பிட்டைத் துடைத்து அவர் கையில் வைத்தேன். பெட்டியை மூடிவிட்டு அந்தப் பணத்தில் பின்பலகையை அறுத்து மாற்றினோம். எஞ்சினைப் பின்னுக்குத் தள்ளி மாட்டும்போது பின்பலகையின் மேல்விளிம்பை அது நெம்புகோல் போலப் பிடித்து இழுக்கும். ஊறிய பலகை அதைத் தாங்காது. நடுக்கடலில் எஞ்சின் கழன்று விழுந்தால் எஞ்சின் மட்டும் போகாது, பின்பலகையையும் பிய்த்துக்கொண்டு போகும்.

உப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாஸ் படகு சாயங்காலம் ஆனால் டிரெய்லரில் ஏறி வீட்டுக்குப் போய்விடும். நம் படகு நங்கூரத்தில் கடலிலேயே கிடக்கும். ஜாக் பிளேட்டின் உடல் அலுமினியம், போல்ட் ஸ்டெயின்லெஸ். இரண்டும் உப்புத் தண்ணீரில் சேர்ந்து நின்றால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரத் தொடங்கும். உப்புக்கென்றே செய்த மாடலும், அலுமினியத்துக்குப் பதிலாகத் தான் அரிபடும் துத்தநாகத் தகடும் இல்லாமல் நினைத்தே பார்க்கக் கூடாது. அதைவிட வேடிக்கை கொட்டலசு. எஞ்சினைத் தூக்கிவைத்த நிலையில் படகை ஒரு வாரம் விட்டால், வெளியே நீண்டிருக்கும் ஹைட்ராலிக் தண்டில் கடுகுக் கடுகாகக் கொட்டலசு பிடிக்கும். அடுத்த முறை இறக்கும் பொத்தானை அழுத்தும்போது அந்தத் தண்டு சீலுக்குள் போகும், கொட்டலசு சீலைக் கிழிக்கும், எண்ணெய் கசியும், எஞ்சின் ஓடும்போதே மெள்ள இறங்கும். போடுகிறவர்கள் படகைக் கட்டும்போது பிளேட்டை முழுக்க இறக்கி, எஞ்சினை டில்ட்டில் மட்டும் தூக்கிவைக்க வேண்டும். இதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

தண்ணீர் இன்னொரு வழியிலும் பழிவாங்கும். எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரை உறிஞ்சும் துவாரங்கள் கீழ்ப்பகுதியின் பக்கவாட்டில் இருக்கின்றன. எஞ்சினை அளவுக்கு மீறித் தூக்கினால் அவையும் காற்றை உறிஞ்சும். பின்னால் பீச்சுகிற தண்ணீரைப் பார்த்து, "ஒண்ணுக்குப் போகுது, எல்லாம் சரியா இருக்கு" என்று பையன்கள் சொல்வார்கள். அதை நம்பாதீர்கள்; அழுத்தம் பாதியாகக் குறைந்த பிறகும் அது பீச்சிக்கொண்டுதான் இருக்கும். ஜாக் பிளேட் போட்டால் தண்ணீர் அழுத்தம் காட்டும் மீட்டர் கட்டாயம் வேண்டும். முள் விழுந்த கணத்தில் எஞ்சினை இறக்க வேண்டும். நம் பக்கம் சேறும் தாழை இலையும் அந்தத் துவாரத்தை அடைத்துக்கொள்வது தனிக்கதை. தரையை ஒட்டி ஓடினால் மணலையும் சேர்த்துக் குடித்து, பம்பிலுள்ள ரப்பர் இம்பெல்லர் சீக்கிரமே தேய்ந்துபோகும்.

அப்படியானால் என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். காசில்லாத வேலை ஒன்று இருக்கிறது. படகை மேட்டில் ஏற்றி, எஞ்சினை நேராக நிறுத்தி, படகின் அடியோடு ஒட்டி ஒரு நீளமான அலுமினியச் சட்டத்தைப் பின்னால் நீட்டிப் பிடியுங்கள். எஞ்சினில் புரொப்பெல்லருக்கு மேலே ஒரு தட்டையான இறக்கை இருக்கும். சட்டம் அந்த இறக்கைக்கு எங்கே வருகிறது? வழக்கமாக இறக்கை படகின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ ஓர் அங்குலம் மேலேயோ இருக்கலாம். கைமாறி வந்த படகுகளில் அது இரண்டு அங்குலம் கீழே கிடப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். மாட்டியவருக்கு அவசரம், மேல் துளையில் போல்டைப் போட்டு முடித்துவிட்டிருப்பார். எஞ்சின் பிராக்கெட்டில் முக்கால் அங்குல இடைவெளியில் நாலைந்து துளை இருக்கும். எஞ்சினைச் செயின் பிளாக்கில் தொங்கவிட்டு ஒரு துளை ஏற்றுங்கள். பழைய போல்ட் துளைகளுக்கு நல்ல மரைன் சீலன்ட்.

பிறகு சோதனை. காற்று எழும்புவதற்கு முன், விடியலில், அதே இரண்டு பேர், அதே பெட்ரோல் அளவு. போனில் ஜி.பி.எஸ். வேகத்தைப் பாருங்கள். நீரோட்டம் ஏமாற்றும், அதனால் போகும்போது ஒரு கணக்கு, திரும்பும்போது ஒரு கணக்கு எடுத்து நடுவில் வையுங்கள். முழு முறுக்கில் ஆர்.பி.எம். எவ்வளவு, எழும்ப எத்தனை நொடி, வளைவில் புரொப்பெல்லர் காற்றைக் குடித்துக் கத்துகிறதா, இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்கள். கத்தவில்லை, அழுத்தமும் இருக்கிறது என்றால் இன்னொரு துளை ஏற்றலாம். கத்தினால் ஒன்று இறக்குங்கள். முக்கால் முக்காலாக ஒன்றரை அங்குலம் கிடைத்தாலே தரை தட்டுவது குறையும். செலவு, செயின் பிளாக் வாடகை.

அந்த உயரத்தில் வளைவில் மட்டும் கத்துகிறது, நேரில் ஓடும்போது நன்றாக இருக்கிறது என்றால், நாலு இதழ் ஸ்டெயின்லெஸ் புரொப்பெல்லர் ஒன்றைக் கடன் வாங்கிப் போட்டுப் பாருங்கள். மூன்று இதழ் அலுமினியத்தைவிட அது தண்ணீரை இறுகப் பிடிக்கும். ஆனால் ஒன்று: அலுமினியம் தரையில் அடித்தால் நெளிந்து தன்னைத் தியாகம் செய்யும், ஸ்டெயின்லெஸ் நெளியாமல் அடியைக் கியருக்கு அனுப்பும். மணலில் பரவாயில்லை. பாறை இருக்கும் பக்கம் நான் அலுமினியத்தோடுதான் போவேன்.

இதற்கும் பிறகு இன்னும் தூக்க வேண்டும் என்று கணக்குச் சொன்னால், ஸ்பானரால் ஏற்றி இறக்கும் சாதா ஜாக் பிளேட் போதும். பம்ப் இல்லை, ஹோஸ் இல்லை, கெட்டுப்போக ஒன்றுமில்லை. சரியான உயரத்தைக் கண்டுபிடித்து இறுக்கிவிட்டால் வருடம் முழுக்க அதுவே. எதைப் போட்டாலும் ஸ்டியரிங் கேபிள், முறுக்குக் கேபிள், பெட்ரோல் ஹோஸ் எல்லாம் பின்னுக்குப் போன தூரத்துக்கு எட்டுமா என்று முன்கூட்டிப் பாருங்கள். டில்ட் செய்யும்போது எஞ்சின் எங்கும் இடிக்கிறதா என்பதையும்.

ஹைட்ராலிக் யாருக்கு? படகின் அடியில் நடுவே குகை மாதிரி ஒரு வாய்க்கால் விட்டுக் கட்டிய டனல் படகு இருக்கிறது. அமெரிக்காவில் டெக்சாஸ் கடற்கரையின் ஆழமில்லாத காயல்களில் அதை நிறைய ஓட்டுகிறார்கள். எஞ்சினைத் தூக்கினாலும் அந்த வாய்க்கால் வழியாகத் தண்ணீர் மேலேறி வந்து புரொப்பெல்லருக்குக் கிடைக்கும். அதோடு ஹைட்ராலிக் பிளேட் சேர்ந்தால்தான் யூடியூபில் பார்த்த வித்தை நடக்கும். உங்கள் படகின் அடி டனலா? படத்தைப் பார்த்தால் இல்லை. தினமும் டிரெய்லரில் ஏற்றி, நல்ல தண்ணீரில் கழுவி, காலையில் ஒரு ஆள், மதியம் நாலு ஆள் என்று பாரம் மாறி மாறி ஓட்டுகிறவர், கெட்டியான பின்பலகை உள்ளவர், தாராளமாகப் போடட்டும், நானே மாட்டித் தருவேன்.

நம் வடகடல் ஆட்களிடம் ஏற்கெனவே ஒரு ஜாக் பிளேட் உண்டு, கவனித்திருக்கிறீர்களா? நீள வால் எஞ்சின். மேடு வந்தால் ஓட்டுகிறவர் கைப்பிடியை அமுக்குவார், வால் மேலே வரும், தாண்டியதும் விடுவார். பம்பும் இல்லை, பொத்தானும் இல்லை. 20 நாட் போகாது, அதுதான் குறை.

கேள்வியின் கடைசியில், "பிளேட் போட்டால் காரங்காட்டுக்குள்ளும் தீவு ஓரத்திலும் போகலாம்தானே?" என்று ஒரு வரி வைத்திருக்கிறீர்கள். காரங்காடு அலையாத்திக் காடு வனத்துறை படகு விடுகிற இடம், எழும்பி ஓட்டுகிற இடம் அல்ல. தென்கடலில் (மன்னார் வளைகுடாவில்) தூத்துக்குடியிலிருந்து நம் பக்கம் வரை கிடக்கும் 21 தீவுகளும் 1986-லிருந்து கடல்சார் தேசியப் பூங்கா. பவளப்பாறையின் மேல் ஓர் அடி தண்ணீரில் ஓட்ட முடிகிறது என்பதால் ஓட்ட அனுமதி வந்துவிடாது. தாழைப் படுகையில் புரொப்பெல்லர் கிழித்த கோடு சீக்கிரம் மூடாது. கடல்பசு மேய்வது அதில்தான். அங்கெல்லாம் எஞ்சினை அணைத்துவிட்டுக் கம்பு ஊன்றிப் போனால் மீனும் கலையாது. கொடுவா பிடிக்கிற ஆளுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

அந்த ஒன்றே முக்கால் லட்சத்துக்கு இன்னும் முன்பணம் கொடுக்கவில்லை என்று நினைக்கிறேன். ஞாயிறு படகை மேட்டில் ஏற்றுங்கள். முதலில் பின்பலகையைத் தட்டுங்கள், பிறகு சட்டத்தை வையுங்கள், இறக்கை எத்தனை அங்குலம் மேலே அல்லது கீழே இருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள். 'பொத்' என்று கேட்டால் அளக்கவே வேண்டாம், படகை அப்படியே பாம்பனிலுள்ள என் பட்டறைக்குக் கொண்டுவாருங்கள்.